அரை மருந்தும் நோய் எதிர்ப்புச் சக்தியும்

(மேல்பட்டாம்பாக்கத்தில் ஆதரவாளர்களுக்கு அளித்த உரை)



முந்திரித் தோப்பிலும் கரும்புக் கொல்லையிலும் பாடுபடுகிறவர்களுக்குக் காலில் முள் தைத்துச் சீழ் பிடிப்பது இப்பக்கத்தில் புதிதல்ல. "கடையில் நாலு மாத்திரை வாங்கிப் போட்டேன், குறையவில்லை" என்று சொல்லி வருகிறவர்களை நாங்கள் அறிவோம். அந்த நாலு மாத்திரை உடம்புக்குள் என்ன செய்கிறது என்பதை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

சீழ்க்கட்டிகளுக்குப் பெரும்பாலும் காரணம் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் கிருமி. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் திராட்சைக் குலைபோல் தெரியும். அதைச் சுற்றி உறுதியான சுவர் உண்டு. பெனிசிலின் வகை மருந்துகள் அந்தச் சுவர் எழும்பாதபடி தடுக்கின்றன. மருந்து போதுமான அளவில் இருந்தால் கிருமி சாகும். போதாவிட்டால் அது பிழைத்துக்கொண்டு, சில வேளைகளில் முன்னைவிட அதிக நச்சைச் சுரக்கிறது.

மெதிசிலினுக்கு அடங்காத வகையை அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளில் சோதித்து 2015-ல் வெளியிட்டார்கள். அந்தக் கிருமி மருந்தைக் கண்டதும் வேறொரு புரதத்தைக் கொண்டு சுவர் கட்டுகிறது. அதில் பிணைப்புக் குறைவு. வெள்ளணுக்கள் அதை விழுங்கும்போது சுவர் எளிதில் சிதைந்து, எதிர்ப்புச் சக்தியை அளவுக்குமீறித் தூண்டுகிறது. வீக்கம் பெருகிச் சதையும் சேதமாகிறது. திருடனை அடிக்க வந்த காவல்காரன் வீட்டையும் இடித்ததுபோல் ஆகிறது.

எல்லா மருந்தும் இப்படியல்ல. கிளிண்டாமைசின் குறைந்த அளவிலும் நச்சு உற்பத்தியைக் குறைக்கிறது. ஆகவே எந்த மருந்து, எவ்வளவு என்பதை ஊகித்துச் சொல்ல முடியாது. சில நோயாளிகளுக்குச் சீழைக் கல்ச்சர் செய்து பார்ப்பது இதற்காகத்தான்.

பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்ஸாண்டர் ஃப்ளெமிங், கிருமியைக் கொல்லாத அளவில் மருந்து எடுப்பதன் ஆபத்தை 1945-ல் தமது நோபல் உரையிலேயே எச்சரித்தார். நம் நாட்டில் 2012-ல் சென்னைப் பிரகடனம் வந்தது. 2014 மார்ச் முதல், எச்1 அட்டவணையிலுள்ள ஆன்டிபயாட்டிக்குகளை விற்கும்போது நோயாளியின் பெயரும் மருத்துவரின் பெயரும் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும்.

சட்டம் கடை வாசல்வரைதான் வரும். வீட்டுக்குள் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். மருத்துவர் எழுதிய அளவில், எழுதிய நாள்வரை மருந்தைச் சாப்பிடுங்கள். மீந்த மாத்திரையைப் பக்கத்து வீட்டாருக்குக் கொடுக்காதீர்கள். காசு போதாமல் பாதி மாத்திரை வாங்குகிற ஏழையைக் கண்டால், மீதியையும் வாங்க உதவி செய்யுங்கள்.