மலேரியா மருந்தும் இருதயமும்



மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் மருந்து இருதயத்தைக் கெடுக்குமா என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல நினைக்கின்றேன். "வைத்தியர் கொடுத்தால் விழுங்க வேண்டியதுதானே, கேள்வி எதற்கு?" என்பவர்கள் ஒரு கட்சி. "இங்கிலீஷ் மருந்தே விஷம், மாரை அடைத்துவிடும்" என்பவர்கள் மற்றொரு கட்சி. இரண்டு கட்சியாரும் கணக்குப் பார்க்காதவர்களே ஆவார்கள்.

இம்மருந்துகளில் சிலவற்றிற்கு இருதயத்தின் மீது வேலை செய்யும் சக்தி இருப்பது வாஸ்தவமே. கொய்னா சாப்பிட்டால் தன் தாறுமாறான நாடி சரியாகிவிடுகின்றது என்று ஒரு வியாபாரி சொல்லக் கேட்டு, வெங்கெபாக் என்ற டச்சு வைத்தியர் அதை 1914-ல் எழுதி வெளியிட்டார். அதே சின்கோனாப் பட்டையில் கிடைக்கும் கினிடின் இதைவிட நன்றாய் வேலை செய்வதை 1918-ல் கண்டார்கள். நாடியைச் சரிப்படுத்திய அந்தக் கினிடினே சிலருக்கு நாடியைக் கெடுத்து மயங்கி விழச் செய்ததும் பின்னால் தெரிந்தது.

காரணம் என்னவென்றால், ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் இருதயத்தில் ஓடும் மின்சாரம் தணிந்தால்தான் அடுத்த துடிப்பு ஒழுங்காய் வரும். சில மருந்துகள் அப்படித் தணிவதைத் தாமதப்படுத்துகின்றன. தாமதம் மிஞ்சினால் துடிப்பு குழம்பி உயிரே போகக்கூடும். ஈ.ஸி.ஜி. படத்தில் இத்தாமதத்தை அளந்து பார்த்துவிடலாம்.

அப்படி அளந்ததில் அகப்பட்டதுதான் ஹாலோஃபான்ட்ரின் என்னும் மருந்து. தாய்லாந்து-பர்மா எல்லையில் மலேரியா நோயாளிகளுக்குப் படமெடுத்துப் பார்த்த வைத்தியர்கள், அது இருதயத்துக்கு ஆபத்தானது என்று 1993-ல் வெளியிட்டார்கள். வைத்தியத்தின் குற்றத்தை வைத்தியர்களே அளந்து ஊரறியச் சொன்னார்கள். அறிவு வளரும் வழி அதுவேயாகும்.

ஒரு மருந்து கெட்டது என்பதற்காக எல்லா மருந்தையும் தள்ளலாமா? அது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதாகாதா? 2016-ல் உலக சுகாதார ஸ்தாபனம் கூட்டிய நிபுணர்கள், ஹாலோஃபான்ட்ரின் நீங்கலாக மற்ற மலேரியா மருந்துகளால் இருதயத்துக்கு ஏற்படும் ஆபத்து குறைவே என்று முடிவு செய்தார்கள். பைபராகுவின் சேர்ந்த மருந்து சாப்பிட்ட சுமார் 2 லட்சம் பேரின் கணக்கை 2018-ல் வெளியிட்டார்கள். மருந்தினால் இருக்கலாம் என்று சந்தேகிக்கத்தக்க திடீர்ச் சாவு அதில் ஒன்றே ஒன்று. மறு தட்டில் என்ன இருக்கின்றது? 2023-ம் வருஷத்தில் மட்டும் மலேரியாவால் செத்தவர்கள் சுமார் 5,97,000 பேர். பெரும்பாலோர் ஆப்பிரிக்கக் குழந்தைகள்!

ஆனால் பயன் இல்லாத இடத்தில் சிறு ஆபத்தும் பெரிய ஆபத்தேயாகும். 2020-ல் கொரோனாவுக்குக் குளோரோகுவின் வகை மருந்துகளைக் கொடுக்க அமெரிக்காவில் மார்ச்சு மாதம் அனுமதித்தார்கள். ஏப்ரலில் நாடிக்கோளாறு பற்றி எச்சரித்தார்கள். ஜூனில் அனுமதியையே ரத்து செய்தார்கள்.

ஆகவே தோழர்களே! மலேரியா என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்தால், பயந்து மருந்தை நிறுத்தாதீர்கள். முன்பு மயங்கி விழுந்ததுண்டா, குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்ததுண்டா, வேறு இருதய மருந்து சாப்பிடுகின்றீர்களா என்பதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். "இந்த மருந்து எதற்கு? எத்தனை நாளைக்கு?" என்று கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்குப் பாத்தியம் உண்டு. பதில் சொல்ல வேண்டியது அவர் கடமை.