ஏரியைக் காப்போம்! பூமிச்சூட்டை எதிர்ப்போம்!

(ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் வட்டார விவசாயிகள் விளக்கக் கூட்டத்தில் பேசிய உரை)

அன்பார்ந்த விவசாயப் பெருமக்களே! தாய்மார்களே! ஷிப்ட் முடித்து நேராக இங்கே வந்திருக்கும் தொழிலாளத் தோழர்களே!

"பூமி சூடாகுதுன்னு டி.வி.யில சொல்றாங்க. அதுக்கும் நம்ம கழனிக்கும் என்ன சம்பந்தம்?" என்று பலரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பதில் நம்ம ஏரிக்கரையிலேயே இருக்கிறது.

நிலக்கரி, பெட்ரோல், டீசல் எரிய எரிய கரியமில வாயு ஆகாயத்தில் சேர்கிறது. கம்பளி போர்த்தின மாதிரி, சூடு வெளியே போகாமல் நிற்கிறது. இதுவரை அளந்து பார்த்ததிலேயே அதிகச் சூடான வருஷம் 2024 என்று உலக வானிலை அமைப்பு அறிவித்தது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக ஈரம் பிடிக்கும். அப்புறம் என்ன ஆகும்? பெய்யாவிட்டால் காயும், பெய்தால் கொட்டித் தீர்க்கும்.

நாம் பார்க்காததா? 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்துவிட்டார்கள். அடையாறு ஓரத்து முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் மூழ்கின. நாலே வருஷம்! 2019 கோடையில் அதே செம்பரம்பாக்கம் வறண்டு வெடித்தது. சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் போனது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல், மறுபடியும் வெள்ளம்.

நெல்லையும் இது விடவில்லை. பிலிப்பைன்ஸ் நாட்டில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 2004இல் சொன்னது: இரவு வெப்பம் ஒரு டிகிரி கூடினால் மகசூல் 10 சதவீதம் குறைகிறது. பகலில் சேர்த்ததைப் பயிர் ராத்திரி சூட்டில் இழந்துவிடுகிறது. நவரை, சொர்ணவாரி போடுகிற நமக்கு இது ஏட்டுக் கணக்கு இல்லை, களத்து மேட்டுக் கணக்கு.

சூட்டை ஏற்றியது யார்? ஒரு அமெரிக்கர் வருஷத்துக்கு சுமார் 14 டன் கரியமில வாயு விடுகிறார். ஒரு இந்தியர் கணக்கு சுமார் 2 டன். அதிலும் மாட்டை ஓட்டி, மடை திருப்பி வாழ்கிறவன் கணக்கு இன்னும் சொற்பம். பழியை ஏழை விவசாயி தலையில் கட்டினால் ஏற்க மாட்டோம். ஆனால் தோழர்களே, சூட்டை ஏற்றியவன் யாராக இருந்தாலும் முதலில் காய்வது நம்ம பயிர்தான். அதனால் நாம்தான் முதலில் எழுந்து நிற்க வேண்டும்.

நம்ம கையில் என்ன இருக்கிறது? ஏரி இருக்கிறது! பழைய செங்கல்பட்டு ஜில்லாவுக்கே ஏரி மாவட்டம் என்றுதான் பேர். ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம் என்று தனியாக வைத்து, அதற்குக் குடவோலையில் ஆள் எடுத்ததை உத்திரமேரூர் கல்வெட்டு ஆயிரம் வருஷத்துக்கு முன்பே சொல்கிறது. ஒரு ஏரி நிரம்பினால் கலங்கல் வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். ஸ்ரீபெரும்புதூர் ஏரித் தண்ணீர் வழிந்தால் செம்பரம்பாக்கம் போகிறது. ஆக, நம்ம ஏரி பிடித்து வைக்கிற தண்ணீர் பட்டணத்து வெள்ளத்தில் குறைகிறது. கோடையில் பட்டணத்துக்கும் நமக்கும் நிலத்தடி நீராகிறது. கொட்டுகிற மழையைத் தாங்கவும், காய்கிற கோடையைக் கடக்கவும் இதைவிட நல்ல ஏற்பாடு வேறென்ன? பட்டணத்து ஜனங்களும் நம்மோடு நிற்க வேண்டும் என்று கேட்பது இதனால்தான்.

1996இல் இருங்காட்டுக்கோட்டைக்குக் கார் கம்பெனி வந்தது. பிறகு ஒரகடம் வரைக்கும் தொழிற்பேட்டை வளர்ந்தது. நம்ம பிள்ளைகள் அங்கே வேலை செய்கிறார்கள். தொழிலே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. வரத்துக்காலை மறித்துக் கம்பவுண்டு சுவர் வேண்டாம், ஏரிக்குள் கட்டட மண் வேண்டாம் என்கிறோம். ஏரி செத்தால் வெள்ளம் கம்பெனி வாசலுக்கும் வரும்.

2022இல் பரந்தூர் விமான நிலையத் திட்டம் அறிவிக்கப்பட்டபோது, ஏகனாபுரம் மக்கள் வயலையும் ஏரியையும் விடமாட்டோம் என்று கிராம சபையில் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டார்கள். 2023இல் சட்டமன்றம் நிறைவேற்றிய நில ஒருங்கிணைப்புச் சட்டமோ, 100 எக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டம் என்றால் அதற்குள் நீர்நிலை இருந்தாலும் சேர்த்துக்கொள்ள வழி வைத்தது. ஒரு கையில் பருவநிலை மாற்ற இயக்கம், மறு கையில் இப்படி ஒரு சட்டம் என்றால் எதை நம்புவது?

எனவே நம் கோரிக்கைகள்:

1. 2007ஆம் ஆண்டு ஏரிப் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டப்படி எல்லா ஏரியையும் அளந்து கல் நடு! பெரிய ஆக்கிரமிப்பை முதலில் எடு! குடிசை ஏழைக்கு மாற்று இடம் கொடுத்த பிறகே கை வை!

2. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே வரத்துக்கால், மதகு, கலங்கலைச் சீர் செய்!

3. தொழிற்பேட்டைக் கூரைகளில் மழைநீர் சேகரிப்பும் சூரிய மின்சாரமும் கட்டாயமாக்கு! சுத்திகரிக்காத கழிவுநீர் ஒரு சொட்டும் ஏரிக்கு வரக்கூடாது!

4. நீர்நிலைகளை விழுங்க வழி விடும் சட்டப்பிரிவை நீக்கு!

5. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நெல் செய்கிறவருக்கு ஊக்கத்தொகை கொடு!

கடைசிக் கோரிக்கையில் நம் பங்கும் இருக்கிறது. எப்போதும் தண்ணீர் தேங்கிய வயலில் மீத்தேன் வாயு கிளம்புகிறது. அதுவும் பூமியைச் சூடேற்றும். மண்ணில் மயிரிழை வெடிப்பு விடும்வரை காயவிட்டுப் பாய்ச்சினால் மீத்தேன் பாதியளவு குறையும். தண்ணீரும் மிச்சம்.

இனி செய்ய வேண்டியது என்ன? ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 – வருஷத்துக்கு ஆறு கிராம சபை. இதில் நாலு நாள் கம்பெனிக்கும் லீவு! தொழிலாளத் தோழர்களே, வாடகை வீட்டில் இருந்தாலும் ஊர் வாக்காளர் பட்டியலில் பேர் இருந்தால் நீங்களும் கை தூக்கலாம். உங்கள் ஊர் ஏரியின் சர்வே எண், பரப்பளவு, மறித்த கால்வாய் எது என்று எழுதிக் கொண்டு வாருங்கள். தீர்மானமாகப் பதிவேட்டில் ஏற்றுங்கள். நகலைக் கேட்டு வாங்குங்கள். அந்த நகல்களைச் சேர்த்து எடுத்துக்கொண்டு எல்லா ஊரும் ஒன்றாகக் கலெக்டர் ஆபீசுக்குப் போவோம்.

தனி ஊராகப் போனால் மனு. எல்லா ஊரும் போனால் போராட்டம்!

ஏரி நம் உரிமை! ஏரியைக் காப்போம்! ஒன்றுபடுவோம்! வெல்வோம்!