கொடி ரோஜாவும் கவாத்தும்



தில்லியில் நம் காலனி மதில்களில் இளஞ்சிவப்புக் கொடி ரோஜாவுக்குக் குறைவில்லை. ஆயினும் பங்குனியில் அவற்றுள் எத்தனை பூக்கின்றன? பல வீடுகளில் தழையே மிகுதி. செடியைப் பழிப்பதில் பயனில்லை. குறை கத்தரிக்கோலில் இருக்கிறது.

அக்டோபர் நடுவில், ஐப்பசி பிறக்கும் வேளையில், இங்கே ரோஜாக்களுக்குக் கவாத்துச் செய்வது வழக்கம். மாலி வருகிறார், புதர் ரோஜாவை முழங்கால் உயரத்துக்கு வெட்டுகிறார், அதே கையோடு கொடியையும் வெட்டிச் சாய்க்கிறார். புதர் ரோஜா புதுத் தளிரிலேயே பூப்பது. அதற்கு அது தகும். கொடி ரோஜாவோ முந்திய ஆண்டு நீண்ட கிளைகளின் பக்கத் தளிர்களில்தான் பெரும்பாலும் பூக்கும். அக்கிளையை வெட்டுவது வரவிருக்கும் பூவையே வெட்டுவதாகும். புதர் ரோஜாவிலிருந்து திரிந்து கொடியான ரகங்கள் சில, இளமையில் ஒட்ட வெட்டினால், மீண்டும் புதராகிவிடுவதும் உண்டு.

ஆகவே முதல் இரண்டாண்டுகள் காய்ந்ததையும் நோயுற்றதையுமன்றி வேறொன்றையும் தொடாதீர்கள். நீண்ட கிளைகளைக் கம்பியில் படுக்கைவாட்டில் வளைத்துக் கட்டுங்கள். இறுகக் கட்டலாகாது, தண்டு பருக்க இடம் வேண்டும். நிமிர்ந்து நிற்கும் கிளையில் நுனி மொட்டு கீழ்க் கணுக்களை அடக்கி வைக்கும். படுத்த கிளையிலோ கணுவுக்குக் கணு தளிர் எழும். மூன்றாம் ஆண்டு முதல், பக்கக் கிளைகளை மட்டும் இரண்டு மூன்று கணு விட்டு, மொட்டுக்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்டுக. வெட்டுவாயில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் குழைத்த பசையைப் பூசினால் நுனிக்கருகல் நோய்க்கு அஞ்ச வேண்டுவதில்லை. ஒட்டுக்குக் கீழே எழும் முளையை உடனே களைக. விட்டால் வீட்டுக்காரரையே வெளியேற்றும் குடிக்கூலிக்காரர் அது!

ரகங்களில் எனக்கு உகந்தது 'நியூ டான்'. 1930இல் அமெரிக்காவில் வெளிவந்து, மறு ஆண்டில் அந்நாட்டின் முதல் தாவரக் காப்புரிமையைப் பெற்றது. அதன் தாய்க்கொடி ஆண்டுக்கொரு முறையே பூப்பது. அதிலிருந்து திரிந்த இதுவோ மீண்டும் மீண்டும் பூக்கும்.

"மூன்றாண்டில் மாற்றல் உத்தரவு வந்துவிடுமே, யாருக்காக வளர்ப்பது?" என்று சகோதரி ஒருவர் வினவினார். நியாயமான கேள்வி. இன்று எங்கள் குவார்ட்டர்ஸில் பூக்கும் கொடியை நட்டவர் எவரென்றே நாங்கள் அறியோம். ஆனால் ஒன்று: கவாத்தில் விழும் பென்சில் பருமனுள்ள குச்சிகளை எட்டு அங்குலத்துக்கு நறுக்கி, மணல் கலந்த தொட்டியில் பாதி புதையுமாறு நட்டால், சில வேர் பிடிக்கும். தொட்டி உங்களுடன் ரயிலேறலாம். தாய்க்கொடி அடுத்துக் குடிவருவோருக்கு இருக்கட்டும்.

குச்சி வேண்டுவோர் ஐப்பசியில் எங்கள் இல்லத்துக்கு வருக. கையுறை அணிந்து வாருங்கள், முள் கொடிது.