என்பும் நிர்ப்பீடனமும்: ஒரே வாங்கி
(லக்கலயில் நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நாம் படித்த காலத்தில் என்பு ஒரு பாடம், நிர்ப்பீடனம் வேறொரு பாடம். இரண்டுக்கும் பொதுவாக ஒரு வாங்கி உண்டென்பது 1997இன் பின்னரே துலங்கியது. அவ்வாண்டு அமெரிக்காவின் இமியுனெக்ஸ் நிறுவன ஆய்வாளர்கள், நோயை எதிர்க்கும் டென்ட்ரிட்டிக் கலங்களை ஆராய்கையில் அதைக் கண்டு, ராங்க் என்று பெயரிட்டார்கள். (தவணை அறிக்கையைப் பார்த்து நாம் நடுங்கிய ராங்க் அல்ல!) பழைய என்பைக் கரைக்கும் கலங்கள் உருவாவதற்கும் அதே வாங்கிதான் வேண்டும். 1999இல், ராங்க் இல்லாத எலிகளில் என்பு கரைக்கும் கலமும் இல்லை, நிணநீர்க் கணுக்களும் இல்லை என்று கண்டார்கள்.

கண்ணுக்குத் தெரியாத வாங்கியை ஆய்வுகூடத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது? அதை மட்டும் பற்றிக்கொள்ளும் பிறபொருளெதிரியைத் தயாரிக்கிறார்கள். அதனுடன் ஒளிரும் சாயம் ஒன்றை இணைத்து, இரத்தக் கலங்களுடன் கலந்து, ஒவ்வொரு கலமாக லேசர் ஒளியின் முன்னே ஓடவிடுகிறார்கள். ஒளிரும் கலத்தில் ராங்க் உண்டு. ஒரே வகைப் பிறபொருளெதிரியை வேண்டிய அளவு உண்டாக்கும் முறையை 1975இல் கோலரும் மில்ஸ்டைனும் தந்தார்கள். 1984இல் நோபல் பரிசும் பெற்றார்கள்.

இது பார்ப்பதற்கான கருவி, மருந்தல்ல. மருந்தாக வந்தது அதன் உறவுக்காரி, டெனோசுமாப். அது ராங்க்கைத் தொடுவதில்லை. ராங்க்கைத் தூண்டிவிடும் ராங்க் லிகண்ட் என்ற புரதத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மாதவிடாய் நின்று ஈஸ்திரஜன் குறைந்ததும் இந்தத் தூண்டுதல் மிஞ்சிவிடுகிறது. கட்டுவதைவிடக் கரைவது அதிகமாகிறது. மூட்டுவாதத்தில் மூட்டருகே என்பு அரிபடுவதிலும் இதே புரதத்துக்குப் பங்குண்டு.

2009இல் வெளியான ஆய்வில் 60 முதல் 90 வயது வரையான 7,868 பெண்கள் பங்குபற்றினார்கள். மூன்று ஆண்டுகளில் முள்ளந்தண்டில் புதிய முறிவு கண்டவர்கள், வெற்று ஊசி பெற்றோரில் 7.2 வீதம், டெனோசுமாப் பெற்றோரில் 2.3 வீதம். நல்ல மருந்துதான். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டிய இந்த ஊசியை இடையில் விட்டால், அடங்கியிருந்த கரைப்பு முன்னிலும் வேகமாகத் திரும்புகிறது. சிலருக்கு முள்ளந்தண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட முறிவுகள் ஏற்பட்டுள்ளன. நோவு இல்லை, இனி எதற்கு என்று நிறுத்துபவர்கள் நம்மிடையே உண்டு. நோவு இல்லாததால் ஊசி தேவையில்லை என்றாகாது.

றிவஸ்டன் மலையைக் கடந்து மாத்தளைக்குப் போய்வருவது இங்குள்ள அம்மாமாருக்கு ஒரு முழுநாள் வேலை. ஒருநாள் கூலியும் போகும். ஆகவே வைத்தியர் இந்த ஊசியை எழுதும்போதே, அடுத்த ஊசிக்கு எப்படி வருவது என்பதையும் பேசிவிடுங்கள். வர இயலாதென்றால் அதை அப்போதே சொல்லுங்கள். வேறு மருந்துகளும் உண்டு. நிறுத்துவதானாலும் அவரிடம் கேட்டே நிறுத்துங்கள். அதன் இடத்தில் இன்னொரு மருந்து தொடங்க வேண்டியிருக்கும். பல் பிடுங்க இருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். திகதியைக் கிளினிக் கொப்பியில் எழுதி, வீட்டில் படிக்கத் தெரிந்த பிள்ளையிடமும் காட்டி வையுங்கள்.