பீரோவில் உறங்கிய கைக்கணினி
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

சிலேட்டில் எழுதிப் பழகிய என்னைக் கைக்கணினி பற்றிப் பேசுமாறு சங்கத்தார் பணித்துள்ளனர். முதலில் என் பிழையொன்றை ஒப்புக்கொள்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் பள்ளிக்கு வந்த இரண்டு கைக்கணினிகளை, உடைந்தால் தணிக்கையில் யார் பதில் சொல்வது என்னும் அச்சத்தால் பீரோவில் வைத்துப் பூட்டினேன். ஓராண்டு கழித்துத் திறந்தபோது ஒன்றின் பேட்டரி உப்பிக் கிடந்தது. பிள்ளைகளின் கை படாமலே அது பாழாயிற்று. நூலகப் படியேற நம் முன்னோருக்குத் தடை இருந்த காலம் உண்டு. நானோ நூலகத்தையே பூட்டி வைத்தேன்.

லித்தியம் பேட்டரியை நெடுநாள் வெறுமையாகவோ முழுதும் நிரப்பியோ வைத்தல் ஆகாது. விடுமுறையில் பாதியளவு மின்னேற்றி, வெப்பம் தாக்காத இடத்தில் வைத்து, மாதம் ஒருமுறை பார்த்தல் வேண்டும்.

சமக்ர சிக்ஷா விதிப்படி 31 முதல் 100 பிள்ளைகள் பயிலும் பள்ளிக்கு ஆண்டு மானியம் 25,000 ரூபாய் வரைதான். சுண்ணக்கட்டி முதல் துப்புரவு வரை அதனுள் அடக்கம். ஆயினும் கருவிக்குள் இடும் நூல்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், அரசுப் பாடநூல்கள், அண்ணல் அம்பேத்கரின் ஆங்கிலத் தொகுதிகள் யாவும் இணையத்தில் உள்ளன. மலையில் அலைவரிசை கிட்டாத ஊர்கள் பல. ஆதலால் போளூருக்கோ திருவண்ணாமலைக்கோ செல்லும் நாளில் நூல்களை இறக்கி, மெமரி கார்டில் ஏற்றி வருகிறேன். பக்கத்தைப் படமெடுத்த பி.டி.எஃப். சிறு திரையில் கண்ணை வருத்தும். எழுத்தைப் பெரிதாக்கத்தக்க இ-பப் வடிவமே நலம்.

மின்னூல் வாசிப்பான் பக்கம் திருப்பும்போதுதான் பெரும்பாலும் மின்சாரம் கொள்ளும்; ஒருமுறை மின்னேற்றினால் வாரக்கணக்கில் உழைக்கும். மின்தடைக்கு ஏற்றது, காணொளிக்கு உதவாது. வாங்குமுன் ஒரு தமிழ் நூலைத் திறந்து, கொம்பும் புள்ளியும் இடம் மாறாது நிற்கின்றனவா எனப் பாருங்கள்.

மிஞ்சிய கைக்கணினியை இப்போது பதிவேட்டில் கையொப்பம் பெற்று வீட்டுக்கே அனுப்புகிறேன். திரையில் கீறல் விழுந்துள்ளது. அதை எடுத்துச் சென்ற ஒரு மாணவி, எழுத்தறியாத தன் பாட்டிக்கு இரவில் கதை வாசித்துக் காட்டியதாகக் கூறினாள். கீறலைப் பற்றித் தணிக்கையில் கேட்டால் இதையே எழுதிக் கொடுப்பேன்.

இளைஞர்களே, நீங்கள் ஒதுக்கிவிட்ட பழைய கைப்பேசிகளுள் இயங்கக்கூடியவற்றைச் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். உங்கள் கணக்குகளையும் படங்களையும் அழித்துவிட்டுக் கொடுங்கள். நூல்களை ஏற்றித் தருவது என் பொறுப்பு.