மோட்டர் ஓடுகிறதா?

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் இப்போது தனி வீடுகளைக் காட்டிலும் தொடர்மாடிகளே அதிகம் கண்ணில் படுகின்றன. அந்தக் கட்டடங்களின் அன்றாட வாழ்வு இரண்டு மோட்டர்களை நம்பியிருக்கிறது. ஒன்று லிப்டை ஏற்றி இறக்குகிறது. மற்றது கீழ்த்தாங்கியிலிருந்து மேல்தளத் தாங்கிக்குத் தண்ணீர் ஏற்றுகிறது. கொட்டாஞ்சேனையில் நின்று துறைமுகப் பக்கம் பார்த்தால் வானத்தில் தெரியும் பாரந்தூக்கிகளையும் மோட்டர்களே இயக்குகின்றன. இத்தகைய மோட்டர் எதுவும் தனியாக இருப்பதில்லை. பக்கத்திலேயே மனிதனுக்குச் செய்தி சொல்லும் ஒரு காட்டி இருக்கும்: லிப்டில் மாடி எண், தண்ணீர் மோட்டருக்கு ஒரு பச்சை விளக்கு, பாரந்தூக்கியில் சுமையின் எடை. மோட்டரையும் காட்டியையும் பல இடங்களில் ஆள்வது நிரலொன்றைச் சுமந்த ஒரு சிறு கணினி. அதன் மிக எளிய வடிவமான மைக்ரோகொன்ட்ரோலரை நம் மாணவர்களுக்கு எப்படிக் கற்பிப்பது என்பது பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன். மோட்டரை ஒரு பாடமாகவும் திரையை இன்னொரு பாடமாகவும் பிரிக்காமல், இரண்டையும் ஒன்றாக, உண்மையான பொருளைக் கையில் கொடுத்துக் கற்பிக்க வேண்டும் என்பது என் வாதம். கட்டளை இட்டதற்கும் காரியம் நடந்ததற்கும் உள்ள வேறுபாட்டை மாணவர் வேறெங்கும் இவ்வளவு தெளிவாகக் காண முடியாது.

இந்த வேறுபாடு சிறியதல்ல என்பதற்கு வரலாற்றில் ஒரு பெரிய சான்று உண்டு. 1979 மார்ச் 28 அதிகாலை அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் அமுக்கத்தைத் தணிக்கும் வால்வு ஒன்று திறந்தது. அது மீண்டும் மூடியிருக்க வேண்டும், ஆனால் திறந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் இருந்த விளக்கோ வால்வு மூடிவிட்டதென்று எண்ண வைத்தது. அந்த விளக்கு வால்வின் நிலையை அளந்து எரியும் விளக்கல்ல. மூடு என்ற மின்கட்டளை போய்விட்டதா என்பதை மட்டுமே அது காட்டியது. பலகையைப் பார்த்தவர்கள் அதை நம்பினார்கள். இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் குளிர்விக்கும் நீர் வெளியேறிக்கொண்டிருந்தது, உலையின் மையத்தில் ஏறத்தாழப் பாதி உருகியது. அந்த விபத்துக்கு வேறு காரணங்களும் இருந்தன. என்றாலும், விளக்கை வடிவமைத்தவர் கட்டளையைக் காட்டினால் போதும் என்று எண்ணியது அவற்றுள் முக்கியமானது.

இதே தவறைப் பதினான்கு வயது மாணவர் ஒருவர் மேசைமேல் ஆபத்தின்றிச் செய்து பார்க்கலாம். மைக்ரோகொன்ட்ரோலர் பொருத்திய ஆர்டுயினோ ஊனோ என்ற பலகையில் மோட்டரின் வேகத்தை 0 முதல் 255 வரையான ஓர் எண்ணால் குறிக்கிறோம். மின்சாரத்தை நொடிக்குப் பல நூறு தடவை விட்டு விட்டுக் கொடுத்து, கொடுக்கும் நேரத்தின் பங்கைக் கூட்டிக் குறைப்பதே அந்த எண்ணின் வேலை. மாணவர் 30 என்று எழுதுகிறார். திரையிலும் 30 என்று பளிச்செனத் தெரிகிறது. மோட்டர் மெல்ல ரீங்கரிக்கிறது, ஆனால் சுழலவில்லை. அச்சின் உராய்வைத் தோற்கடிக்க அந்த அளவு போதாது. நிரலில் பிழையில்லை, திரையில் பிழையில்லை, ஆனாலும் திரை சொல்வது உண்மையில்லை. அச்சில் துளையிட்ட ஒரு வட்டத்தகட்டைப் பொருத்தி, துளைகள் ஒளியுணரியைக் கடப்பதை எண்ணி, அந்த எண்ணிக்கையைத் திரைக்கு அனுப்பும்போதுதான் திரை உண்மை பேசத் தொடங்குகிறது. பின்னூட்டம் என்ற சொல்லைப் பாடப்புத்தகத்தில் பத்துத் தடவை படித்தாலும் இந்த ஒரு கணம் தரும் விளக்கம் கிடைக்காது.

மோட்டர் இன்னொன்றையும் கற்பிக்கிறது. அந்தப் பலகையின் முனை ஒன்று தாங்கக்கூடிய மின்னோட்டத்தின் உச்ச எல்லை 40 மில்லியம்பியர். பாதுகாப்பாக எடுக்கக்கூடியது அதில் பாதிதான். ஒரு விளையாட்டு மோட்டருக்கே நூறு, இருநூறு மில்லியம்பியர் வேண்டும், புறப்படும் கணத்தில் அதைப்போலப் பல மடங்கு வேண்டும். ஆகவே கட்டளை ஒரு வழியாலும் சக்தி வேறு வழியாலும் போக வேண்டும், நடுவே ஒரு திரான்சிற்றர் கதவாக நிற்க வேண்டும். நிறுத்தும்போது மோட்டரின் சுருள் திருப்பி அனுப்பும் அழுத்தத்தை வாங்கிக்கொள்ள ஓர் இருவாயி வேண்டும். பலகைக்கும் மோட்டருக்கும் ஒரே மின்கலத்தைப் பாவித்தால், மோட்டர் புறப்படும் நொடியில் அழுத்தம் சரிந்து, மைக்ரோகொன்ட்ரோலர் மயங்கி மறுபடி தொடங்கும், திரையில் எழுத்துகள் குழம்பும். இங்கே திரைதான் நோயறியும் கருவி. எல்.ஈ.டி. விளக்கொன்றை மினுக்கிக் காட்டுவதோடு பாடத்தை முடித்துவிட்டால் இவற்றில் ஒன்றுகூட மாணவரின் கண்ணில் படாது. விளக்கு ஒருபோதும் எதிர்த்து நிற்பதில்லை, மோட்டர் எதிர்த்து நிற்கிறது.

திரையின் பக்கம் வந்தால் நம் மொழி குறுக்கே வருகிறது, நல்லவிதமாகவே வருகிறது. மாணவர் கையில் முதலில் கிடைக்கும் திரை, ஒரு வரியில் பதினாறு கட்டமாக இரண்டு வரிகள் கொண்டது. அந்த வகைத் திரைகளை இயக்குவது ஹிட்டாச்சி நிறுவனம் 1980களில் கொண்டுவந்த சில்லு அல்லது அதன் பிரதி. ஆங்கில எழுத்துகள் அதில் பொதிந்திருக்கும், பெரும்பாலும் ஜப்பானிய எழுத்துகளும் இருக்கும், தமிழோ சிங்களமோ இராது. ஆனால் நாமே வரைந்து சேர்க்க ஒரே நேரத்தில் எட்டு எழுத்துகளுக்கு இடமுண்டு, ஒவ்வொன்றும் அகலம் ஐந்து புள்ளி, உயரம் எட்டுப் புள்ளி. ‘தாங்கி நிரம்பியது’ என்று காட்ட வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு எழுத்தும் ஒரு கட்டத்துக்குள் எப்படியோ அடங்கிவிட்டாலும், தா என்பதில் வரும் அரவையும் ரகரத்தையும் ஒரே வடிவத்தால் சமாளித்தாலும், ஒன்பது வடிவங்கள் தேவை. ஓர் இடம் போதாது. ‘தாங்கி நிறைவு’ என்று மாற்றி, றை என்பதை முன்னே வரும் ஐகாரக் குறியாகவும் றகரமாகவும் பிரித்து எண்ணிப் பாருங்கள், சரியாக எட்டு. கணினியின் நினைவகத்தில் றகரம் முதலிலும் ஐகாரக் குறி அடுத்தும் சேமிக்கப்படுகின்றன, திரையில் அந்த வரிசை தலைகீழாக வேண்டும். தன் மொழியின் எழுத்து எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதை ஒரு மாணவர் இவ்வளவு நெருக்கமாகப் பார்க்கும் வேறு பாடம் எனக்குத் தெரியவில்லை. அகலம் 128, உயரம் 64 புள்ளிகள் கொண்ட சிறு ஓலெட் திரை இப்போது எளிதாகக் கிடைக்கிறது. அதில் அகலமான ணகரத்தையும் தாராளமாக வரையலாம், ஒரே திரையில் சிங்களத்தையும் சேர்க்கலாம். தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் சேர்ந்து வாழும் ஒரு கொழும்புத் தொடர்மாடியில் தண்ணீர்த் தாங்கியின் நிலையை எல்லோரும் வாசிக்க முடிவது மரியாதை சார்ந்த விடயமும்கூட.

நிரல் ஆங்கிலத்தில்தானே இருக்கிறது, தமிழில் கற்பித்து என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. நிரலில் வரும் ஆங்கிலச் சொற்கள் தொடக்கத்தில் சில டசினைத் தாண்டாது, அவற்றை மாணவர் குறியீடுகளாகவே கற்றுக்கொள்ளலாம். கற்க வேண்டிய காரண காரியமோ எந்த மொழிக்கும் சொந்தமில்லை, தெரிந்த மொழியில்தான் அது விரைவாகப் பதியும். மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் 1860களில் மேலைத்தேய மருத்துவத்தையே தமிழில் கற்பித்து வைத்தியர்களை உருவாக்கினார். அந்தத் துணிவோடு ஒப்பிட்டால் ஒரு மோட்டர்ச் சுற்றைத் தமிழில் விளக்குவது பெரிய காரியமில்லை.

செலவு என்ற மறுப்பை இப்படி எளிதில் தள்ளிவிட முடியாது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் ரூபாயின் பெறுமதி சரிந்தபோது இறக்குமதியாகும் சில்லுகளும் பலகைகளும் பெற்றோருக்குப் பாரமாகின. ஆனாலும் இரண்டு காரியங்கள் நமக்குச் சாதகமாக உள்ளன. 2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் மாணவர்களுக்காகப் பிறந்த ஆர்டுயினோவின் வடிவமைப்பு எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. ஆகவே பிறர் செய்த மலிவான பிரதிகளை வாங்குவதில் தவறில்லை. கோட்டையை அடுத்த முதலாம் குறுக்குத் தெருக் கடைகளில் அவற்றைத் தேடலாம். மோட்டருக்கோ புதிய பொருளே தேவையில்லை. பழைய வாகன உதிரிப்பாகங்களுக்குப் பெயர்போன பஞ்சிகாவத்தையில் கண்ணாடி துடைக்கும் வைப்பர் மோட்டர் கிடைக்கும். பழுதான அச்சுப்பொறி ஒன்றைக் கழற்றினால் படிப்படியாகச் சுழலும் மோட்டர்கள் கைக்கு வரும். மூன்று மாணவருக்கு ஒரு பலகை என்று வைத்து, ஆண்டு முடிவில் அதைத் துடைத்து அடுத்த வகுப்புக்குக் கொடுக்கலாம். பிரித்தானியாவில் 2016இல் ஏழாம் ஆண்டு மாணவர்களுக்காகப் பத்து லட்சம் வரையான மைக்ரோபிட் பலகைகள் இலவசமாக வழங்கப்பட்டன. நம்மால் அது இயலாது. பகிர்ந்து பாவிப்பது இயலும்.

கணினித் திரைக்குள்ளேயே சுற்றை இணைத்து ஓட்டிப் பார்க்கும் இணையச் செயலிகள் இருக்கும்போது பொருள் எதற்கு என்பது அடுத்த கேள்வி. முன்பயிற்சிக்கு அவை மிக நல்லவை, பலகை எரியாமல் காக்கின்றன, கைபேசி மட்டுமே உள்ள மாணவருக்கும் வாசலைத் திறக்கின்றன. ஆனால் அங்குள்ள மோட்டருக்குள் மணல் புகுவதில்லை, கடற்காற்றில் அதன் முனைகள் துருப்பிடிப்பதில்லை. செயற்கை நுண்ணறிவு நிரலை எழுதித் தரும் என்பதற்கும் ஏறத்தாழ இதே பதில்தான். அது எழுதித் தரட்டும், மேசைமேல் அச்சு சுழல்கிறதா என்று பார்ப்பவர் ஒருவர் வேண்டுமே.

எல்லாவற்றிலும் வலிமையான மறுப்பு வெள்ளவத்தை டியூட்டரிகளின் படிக்கட்டுகளில் மாலை தோறும் ஏறி இறங்குகிறது: பரீட்சையில் இது வருமா? உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு 2013இல் தொடங்கிய பிறகு இலத்திரனியலும் கட்டுப்பாடும் பாடசாலைக்குள் வந்துவிட்டன. பாடத்திட்டத்தில் இருப்பது வேறு, விரலில் படுவது வேறு. வரைபடத்தை மனப்பாடம் செய்தே புள்ளி பெற முடியுமானால் பெற்றோர் அந்த வழியையே நாடுவார்கள், அதற்காக அவர்களைக் குறைசொல்வது நியாயமில்லை. மாற வேண்டியது வினா. ‘திரையில் மோட்டர் ஓடுகிறது என்று காட்டுகிறது, தாங்கியில் நீர் ஏறவில்லை, காரணங்களை எந்த ஒழுங்கில் சோதிப்பீர்?’ என்று கேட்டுப் பாருங்கள். எழுத்துப் பரீட்சையிலேயே கேட்கக்கூடிய வினாதான் இது. ஒருமுறையாவது மோட்டரோடு போராடிய மாணவர் இதற்கு எழுதும் விடையும் குறிப்பு மட்டும் படித்தவர் எழுதும் விடையும் ஒன்றாக இராது.

ஆகவே நான் முன்வைக்கும் பாடம் இது. ஒரு வாளி நீர், பொம்மைப் பம்பு ஒன்று, மட்டத்தை உணரும் இரு கம்பிகள், குழாயில் நீர் ஓடுவதை உணரும் ஒரு சிறு சக்கரம், ஒரு பலகை, தமிழும் சிங்களமும் காட்டும் ஒரு திரை. மின்கலத்தின் ஆறு வோல்ற்றோடு நின்றுகொள்ள வேண்டும், வீட்டின் 230 வோல்ற் மோட்டர் தகுதிபெற்ற மின்னியலாளருக்கு உரியது, மாணவர் அதைத் தொடவே கூடாது. பம்பு இயங்கத் தொடங்கியதும் ஆசிரியர் அதன் குழாயை இரண்டு விரலால் நசுக்கிப் பிடிக்கட்டும். அப்போது திரையில் ‘நீர் ஏறவில்லை’ என்று வந்தால் பலகையைப் பகிரும் மூன்று மாணவருக்கும் முழுப்புள்ளி. ‘மோட்டர் ஓடுகிறது’ என்றே காட்டிக்கொண்டிருந்தால், புள்ளியைக் குறைக்காமல் இன்னொரு வாரம் கொடுங்கள்.