இரண்டாயிரத்து ஐந்நூறு வெள்ளிக் கோடு



"அரசாங்கம்தான் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு எஸ்.டி.ஆர். என்ற உதவிக் காசு கொடுக்கிறதே, இன்னும் என்ன குறை?" என்று கேட்கிறார்கள். குறையைக் கணக்காகவே சொல்கிறேன். ஒரு வீட்டில் கணவர் பாதுகாவலர், மனைவி தொழிற்சாலையில் துப்புரவுப் பணி. ஆளுக்கு மாதம் 1,700 வெள்ளி, சட்டம் சொல்லும் குறைந்தபட்சச் சம்பளம். கூட்டினால் 3,400. ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடும் சொக்சோவும் பிடித்தது போகத்தான் வீட்டுக்கு வரும். முழு உதவிக்கான குடும்ப வருமானக் கோடோ 2,500 வெள்ளியில் நிற்கிறது! மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டுக்குக் கோட்டுக்குக் கீழே ஆண்டுக்கு 2,000 வெள்ளி, மேலே 1,000. நாட்டிலேயே ஆகக் குறைந்த சம்பளம் வாங்கும் இருவர் கல்யாணம் செய்துகொண்டால், அரசாங்கத்தின் கண்ணுக்குப் பாதிப் பணக்காரர்கள்!

2012-இல் இந்த உதவி பிரீம் என்ற பெயரில் வந்தபோது கோடு 3,000 வெள்ளி. அடுத்த ஆண்டு குறைந்தபட்சச் சம்பளம் 900. இருவருக்கும் சேர்த்து 1,800. கோட்டுக்குள் தாராளமாக இருந்தோம். அன்று கொடுத்தது 500 வெள்ளிதான், இன்று தொகை கூடியிருக்கிறது. அதை மறைக்க மாட்டேன். பெயரும் மாறிக்கொண்டே இருக்கிறது: பிரீம், பி.எஸ்.எச்., பி.பி.ஆர்., பி.கே.எம்., இப்போது எஸ்.டி.ஆர். 2022 மே மாதம் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 ஆனது, இருவருக்கு 3,000. அதே ஆண்டு முழு உதவிக்கு வைத்த கோடு 2,500. சம்பளம் 1,700-க்கு ஏறிய பிறகும் அந்தக் கோட்டை யாரும் தொடவில்லை.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. 2022-ஆம் ஆண்டுக்குப் புள்ளிவிவரத் துறையே அறிவித்த வறுமைக் கோடு, நாட்டின் சராசரியாக, 2,589 வெள்ளி. 2,550 வெள்ளி வருமானம் உள்ள குடும்பம் அந்தக் கணக்கில் ஏழை. உதவிக் கணக்கில் பாதி உதவிக்கே தகுதி! ஒரே அரசாங்கம், இரண்டு கணக்கு. எந்தக் கணக்கை நம்பி நாங்கள் அரிசி வாங்குவது?

தோட்டத்தில் பால் மரம் வெட்டிக் காலம் கழித்து, இன்னும் சிவப்பு அடையாள அட்டையோடு இருக்கும் பாட்டிமார்களுக்கு இந்தச் சண்டைகூட இல்லை. குடியுரிமை இல்லாதவர்கள் மனுவே போட முடியாது. அது தனிக் கூட்டம் போட்டுப் பேச வேண்டிய அநியாயம்.

நாம் பிச்சை கேட்கவில்லை. குறைந்தபட்சச் சம்பளம் ஏறும்போதெல்லாம் உதவிக் கோடும் ஏற வேண்டும். இருவர் உழைக்கும் வீட்டை அதற்காகத் தண்டிக்கக் கூடாது. அக்டோபரில் வரவு செலவுத் திட்டம். அதற்கு முன் சட்டமன்ற உறுப்பினரும் நாடாளுமன்ற உறுப்பினரும் இதற்குப் பதில் சொல்லட்டும். வாசலில் மேசை போட்டிருக்கிறோம். மகஜரில் கையெழுத்துப் போட்டுவிட்டு, இருவரின் சம்பளச் சீட்டு நகலையும் கொடுத்துவிட்டுப் போங்கள்!